ஐந்து பேர், ஜீரோ ரத்தக்கசிவு... வேலூரில் அரசுப் பணம் எடுத்த ரிஸ்க்!

மாதனூர் நிறுத்தத்தில் வேலூர் பஸ் ஏறிப் பாருங்கள். ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஒருவராவது உட்கார்ந்திருப்பார். எங்கே போகிறார் என்று கேட்கவே வேண்டாம், சி.எம்.சி-தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரியில், மத்திய அரசின் பணத்தில் ஒரு துணிச்சலான பரிசோதனை நடந்திருக்கிறது.

நோயின் பெயர் ஹீமோஃபிலியா ஏ. ரத்தம் உறைய உதவும் ‘ஃபேக்டர் 8’ என்ற புரதம் உடம்பில் போதுமான அளவு இருக்காது. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. கையில் கீறினால் ரத்தம் நிற்காது என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். அதைவிடக் கொடுமை, மூட்டுக்குள் கசியும் ரத்தம். முழங்கால் பந்து மாதிரி வீங்கும். வலியில் பையன் பள்ளிக்கூடம் போக மாட்டான். வருடங்கள் போகப் போக மூட்டே மடங்காமல் போய்விடும். ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையோ, ஷூ கம்பெனியோ, வேலை என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும், கத்தியும் கத்தரியும் பிடிக்க வேண்டும். இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டின் கவலையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் என்ன செய்தார்கள்? நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். ஃபேக்டர் 8-ஐத் தயாரிக்கும் ஜீனை அவற்றுக்குள் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் செலுத்தினார்கள். ஜீனைச் சுமந்து போகும் வண்டி எது தெரியுமா? எச்.ஐ.வி குடும்பத்து வைரஸ்! நோய் உண்டாக்கும் பாகங்களை நீக்கிவிட்டு, வெறும் வாகனமாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். அந்த ஜீனிலும் ஒரு விசேஷம்: மனித ஜீனோடு பன்றியின் ஜீனில் ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் புரதம் அதிகமாகச் சுரக்கிறது. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகம் இதில் கூட்டாளி.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், புது செல்கள் குடியேறுவதற்கு முன் பழைய எலும்பு மஜ்ஜையைக் கீமோதெரபி மருந்தால் காலி செய்தாக வேண்டும். தொற்று அபாயம் உண்டு, குழந்தைப்பேறும் பாதிக்கப்படலாம். இவ்வளவும் தெரிந்துதான் 22 முதல் 41 வயதுக்குள் ஐந்து ஆண்கள் சம்மதித்தார்கள்.

2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவு வெளியானது. ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். ஜீன் வேலை செய்யத் தொடங்கிய பிறகு ரத்தக்கசிவு, பூஜ்யம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் என்று சொல்ல முடியாது. முதல் இருவருக்கு ஃபேக்டர் அளவு குறைவாகவே ஏறியது. ஜீன் நன்றாக ஏற உதவும் ஒரு பொருளைச் சேர்த்த பிறகு, அடுத்த மூவருக்கு 19 முதல் 40 சதவிகிதம் வரை போனது.

ஆய்வை நடத்தியவர் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. சி.எம்.சி வளாகத்தில் இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்துக்குப் பணம் கொடுத்தது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை. தனியார் கம்பெனி செய்யக்கூடாதா என்று கேட்கலாம். செய்திருக்கிறது. இதே நோய்க்கு வேறு வகை ஜீன் சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அப்போது விலை 29 லட்சம் டாலராக இருந்தது. நம் பணத்தில் 20 கோடி ரூபாய்க்கும் மேல்.

ஜெயிக்குமா என்று தெரியாத ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுப்பது நம் ஊரில் சுலபமில்லை. ‘செலவழித்தாயே, என்ன கிடைத்தது?’ என்று ஆடிட்டில் கேட்பார்கள். அதற்குப் பயந்தே, பலன் நிச்சயம் என்று தெரிந்த ஆய்வுக்கு விண்ணப்பம் போடுவதுதான் விஞ்ஞானிகளுக்குப் பாதுகாப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2024-ல் இதைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தது. உலகில் யாரும் இதுவரை செய்யாத யோசனைகளுக்கு மட்டுமே நிதி என்று ஒரு திட்டம் அறிவித்தது. இருப்பதையே சற்று மேம்படுத்தும் ஆய்வுக்கு அதில் இடமில்லை. நல்ல விஷயம். ஆனால், தோற்றுப்போகும் ஆய்வுகளின் விவரத்தையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பேன். அதுவும் நம் வரிப்பணத்தில் கற்ற பாடம்தானே!

இப்படித் துணிவது வேலூருக்குப் புதிதில்லை. 1948-லேயே டாக்டர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது ஐந்தே பேரிடம் நடந்த ஆரம்பகட்டப் பரிசோதனை. நாளைக்கே போய்க் கேட்டால் கிடைத்துவிடும் சிகிச்சை இல்லை. இன்னும் பலரிடம் சோதித்து, பல வருடங்கள் பார்த்தாக வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். அதுவரை ஃபேக்டர் ஊசிதான் துணை. தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள், நிறுத்திவிடாதீர்கள். காரணமே இல்லாமல் பையனுக்கு அடிக்கடி முழங்கால் வீங்கினால், எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், கசிவு அதிகமாகும். துணியில் சுற்றிய ஐஸை ஒத்தடமாக வைத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.