அரூரும் வாச்சாத்தியும்

சேலத்திலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் மார்க்கமாக வடக்கே செல்லும் பெருவழியில் இருக்கிறது அரூர். ரயில் இவ்வூருக்கு இல்லை. ரயில் ஏற வேண்டியவர்கள் மொரப்பூருக்குப் போக வேண்டும். ஆயினும் இவ்வூர் பஸ் நிலையத்தில் ஒரு நாழிகை நின்று கவனிப்பவர்களுக்கு நம் நாட்டு ஜனங்களின் வாழ்வு நன்கு விளங்கிவிடும். சித்தேரி மலையிலிருந்து மலையாளிகள் சாமையும் புளியும் கொண்டு இறங்குகிறார்கள். மளிகையும் துணியும் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். இவர்கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் மலைவாசிகள். தீர்த்தமலைக்குச் செல்லும் பக்தர்கள் ஒருபுறம் நிற்கிறார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலை தேடிப் புறப்படும் வாலிபர்கள் மற்றொருபுறம் நிற்கிறார்கள்.

இவர்களுள் சிலர் கையில் ஒரு காகிதம் இருக்கும். அது ஒரு மனு. பட்டா வேண்டும், ஜாதிச் சான்று வேண்டும், பாதை வேண்டும் என்று தாலூகா கச்சேரியை நோக்கி அவர்கள் நடக்கிறார்கள். நாம் இன்று எழுதப் புகுந்தது அந்த மனுக்காரரைப் பற்றியே.

படித்தவர்களுக்குச் சர்க்கார் என்றால் டில்லியும் சென்னையும். மலையடிவாரத்து ஏழைக்கோ சர்க்கார் என்பது ஒரு வனக் காவலர், ஒரு போலீஸ்காரர், ஒரு கிராம உத்தியோகஸ்தர். இந்த மூவர் நியாயமாக நடந்தால் அவனுக்குச் சுயராஜ்யம் உண்டு, நடவாவிட்டால் இல்லை. இது இன்று நேற்று ஏற்பட்ட நிலையன்று. 1792-ம் வருஷத்தில் பாராமகால் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு மாறியது. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலியது அங்கேதான். அம்முறையில் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் இடையே ஜமீன்தார் இல்லை, உத்தியோகஸ்தரே எல்லாம். பிறகு 1882-ம் வருஷத்தில் சென்னை வனச் சட்டம் வந்தது. பாட்டன் காலம் முதல் தான் விறகு பொறுக்கிய காட்டில் மலைவாசி அனுமதி கேட்டு நிற்க வேண்டியவனானான். 1947-ல் கொடி மாறியது. கச்சேரிகளின் மனோபாவம் மாறிற்றா?

இக்கேள்விக்கு அரூரை அடுத்த வாச்சாத்தி கிராமம் பதில் சொல்லும். 1992-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வன இலாகாவினர் 155 பேரும், போலீஸார் 108 பேரும், ரெவினியூ இலாகாவினர் 6 பேரும் அச்சிற்றூருக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியமும் பாத்திரமும் பாழாயின, ஜனங்கள் அடிபட்டனர். பதினெட்டுப் பெண்கள் பலாத்காரத்துக்கு உள்ளாயினர். பெண்களும் குழந்தைகளும் அரூர் வன அலுவலகத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்து சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்த அலுவலகச் சுவருக்கு வெளியே அரூரின் அன்றாட வாழ்வு வழக்கம்போல் நடந்திருக்கும். உள்ளே நடந்ததை ஊர் அறியவில்லை. அல்லது அறிந்தும் வாய் திறக்க அஞ்சியது. எதுவாயினும் வெட்கத்துக்குரியதே.

காவல் காக்க வேண்டியவர்களே கொள்ளையிட்டால் யாரிடம் முறையிடுவது? போலீஸில் புகார் ஏற்கப்படவில்லை. சர்க்காரோ அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றது. ஆயினும் அந்த ஏழை ஜனங்கள் சோர்ந்துவிடவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்ஸிஸ்ட் கட்சியாரும் அவர்களுக்குத் துணை நின்றனர். அக்கட்சித் தலைவர் நல்லசிவன் கோர்ட்டை நாடினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கமிஷனின் தென்பிராந்திய அதிகாரி பாமதி நேரில் சென்று விசாரித்து, ஜனங்கள் சொல்வது உண்மையென்று அறிக்கை தந்தார். 1995-ல் ஹைகோர்ட் உத்தரவின்படி விசாரணை சி.பி.ஐ. வசம் சென்றது.

அப்பால் எத்தனை வருஷம்! 2011 செப்டம்பர் 29-ந் தேதிதான் தருமபுரி ஸெஷன்ஸ் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் மாண்டு போயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றும், அவர்களில் 17 பேர் மீது பலாத்காரக் குற்றம் ருசுவாயிற்று என்றும் கோர்ட் முடிவு செய்தது. அப்பீலை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதி வேல்முருகன் அக்கிராமத்துக்கே சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ந் தேதி தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்ச ரூபாய் வழங்கும்படி உத்தரவிட்டார். சம்பவம் நடந்து முப்பத்தொரு வருஷம் கழிந்திருந்தது. அன்று குழந்தையாயிருந்தவர்கள் தாங்களே பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டனர்.

நியாயம் வென்றது என்று நாம் மகிழலாம், மகிழவும் வேண்டும். அதிகாரத்தின் முன் எழுத்தறியாத பெண்கள் அஞ்சாமல் நின்று, தங்களுக்குத் தீங்கு செய்தவர்களை இன்னாரென்று காட்டியது, நம் நாட்டுச் சரித்திரத்தில் பொறிக்கத்தக்க வீரச்செயல். ஆனால் அந்த வீரத்துக்கு அவசியம் ஏற்பட்டதே நமது குறையல்லவா? முதல் நாளே ஒரு தலைமைக் காவலர் புகாரை எழுதிக்கொண்டிருந்தால், அரூரில் நாலு பெரியவர்கள் வன அலுவலக வாயிலில் சென்று நின்றிருந்தால், முப்பத்தொரு வருஷம் ஏன் சென்றிருக்கும்?

தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். பெருங்கொடுமை நேர்ந்த பிறகு கூட்டம் போடுவது எளிது. அன்றாடச் சிறு அநீதியைக் கவனிப்பதே கடினம். மனுவோடு வருபவன் காலையிலிருந்து மாலை வரை வெளியே நிறுத்தப்படுகிறான். அவனோடு ஒருமையில் பேசுகிறார்கள். அவன் கொடுத்த காகிதத்துக்கு ரசீது தருவதில்லை. பெருங்கொடுமைக்கு வித்து இங்கேதான் ஊன்றப்படுகிறது. இன்று ரசீது கேட்க அஞ்சுகிறவன், நாளை தன் வீடு இடிபடும்போது யாரைக் கேட்பான்?

ஆகையால் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள் தம் ஊர்க் கச்சேரி வாயிலுக்குச் செல்லட்டும். ஏழைக்கு மனு எழுதிக் கொடுத்து, அவனுடன் உள்ளே சென்று, ரசீது கையில் வரும்வரை உடன் நிற்கட்டும். இதில் ஆரவாரம் இல்லை. மாலை மரியாதையும் இல்லை. ஆனால் சித்தேரி மலையிலிருந்து இறங்கிவரும் கிழவிக்குச் சுயராஜ்யம் என்ற சொல்லின் பொருள் அன்றுதான் விளங்கும்.