விமானத் தூரமும் பயண நேரமும்: தாமதத்துக்கு நட்டஈடு கோருவோர் அறிந்திருக்க வேண்டியவை

இலண்டனிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் இப்பொழுது சென்னை வழியாகவும் பயணிக்கலாம். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. மறுமாதம் ஆரம்பமான சென்னைச் சேவை, பெருந்தொற்றுக் காலத்தில் இடைநின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் மாதத்தில் திருச்சியிலிருந்தும் சேவை ஆரம்பமாயிற்று.

சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சுமார் 185 கிலோமீட்டர் மட்டுமே. எனினும், சென்னையிலிருந்து பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமாகக் குறிக்கப்படுகின்றது. சிறிய சுழலி விமானங்கள் பெரிய ஜெட் விமானங்களிலும் மெதுவாகப் பறப்பதும், ஓடுபாதைக்குச் செல்லும் நேரம், மேலெழும் நேரம், இறங்கும் நேரம் ஆகியன கால அட்டவணையில் சேர்க்கப்படுவதும் இதற்குக் காரணங்களாகும்.

தூரம் ஏன் முக்கியம்?

ஐக்கிய இராச்சியச் சட்டத்தின்படி, தாமதத்துக்கான நட்டஈடு பயணச்சீட்டின் விலையைக் கொண்டன்றித் தூரத்தைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியே அத்தூரமாகக் கொள்ளப்படும்.

• 1,500 கிலோமீட்டர் வரை: 220 பவுண்
• 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரை: 350 பவுண்
• 3,500 கிலோமீட்டருக்கு மேல்: 520 பவுண் (தாமதம் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாயின் 260 பவுண்)

இறுதி இடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்து அடைந்தால் இவ்வுரிமை எழும். விமானம் தரைதொட்ட நேரமன்று, அதன் கதவு திறக்கப்பட்ட நேரமே கணக்கிற்குரியது. மோசமான வானிலை போன்ற அசாதாரண சூழ்நிலைகளில் நட்டஈடு கிடையாது. சாதாரண இயந்திரக் கோளாறு அத்தகைய சூழ்நிலையாகாது.

ஒரே முன்பதிவா, இரண்டா?

இலண்டன் விமானம் இரண்டு மணி நேரம் தாமதித்ததால் சென்னையில் இணைப்பு விமானம் தவறி, மறுநாளே யாழ்ப்பாணத்தை அடைகின்றீர்கள் என வைத்துக்கொள்வோம். முழுப் பயணமும் ஒரே முன்பதிவாயின், தாமதம் யாழ்ப்பாணத்தில் கணிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் 520 பவுண் கோரலாம். நால்வருள்ள குடும்பத்துக்கு அது 2,080 பவுண். விமான நிறுவனம் வெளிநாட்டினதாயினும் இவ்விதி பொருந்தும் என 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு சீட்டுகளும் தனித்தனியே வாங்கப்பட்டிருப்பின், சென்னையில் ஏற்பட்ட இரண்டு மணி நேரத் தாமதம் மட்டுமே கணிக்கப்படும், நட்டஈடு கிடையாது. சீட்டு வாங்குமுன் இதனை முகவரிடம் கேட்டறிதல் நன்று.

திரும்பும் பயணத்தில், பிரித்தானிய அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனத்தின் விமானமாயின் மட்டுமே இச்சட்டம் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

பயணச்சீட்டு, விமானமேறும் அட்டை, உணவு மற்றும் தங்குமிடப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இங்கிலாந்தில் வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. நிறுவனம் மறுத்தால், சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் இலவச ஆலோசனை பெறலாம்.