‘சொந்தப் பொறுப்பில்’ ஏறும் ரோலர் கோஸ்டர்

தீம் பார்க் டிக்கெட்டின் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை. படித்தால் பெரும்பாலும் இப்படியொரு வரி கண்ணில் படும்: சவாரிகளில் ஏறுவது அவரவர் சொந்தப் பொறுப்பு, காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. சில இடங்களில் தனிப் படிவத்தையே நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். 2024 மே மாதம் தீப்பிடித்து 27 பேரைப் பலிகொண்ட ராஜ்கோட் விளையாட்டு அரங்கிலும் அப்படி ஒரு படிவம் இருந்தது. உரிமையாளர்களைக் கைது செய்ய அது தடையாக இருக்கவில்லை.

1998-இல் டெல்லியின் நட்சத்திர ஓட்டல் ஒன்றில், நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவி கொடுத்த மாருதி ஜென் கார் திருடுபோனது. டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் அலட்சியத்தால் நேர்ந்த இழப்புக்கு அந்த வரியைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. காருக்கே அந்த நியாயம் என்றால் கைகால்களுக்கு?

ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவர் தலைசுற்றலையும் வாந்தியையும் ஏற்றுக்கொண்டுதான் ஏறுகிறார். துருப்பிடித்த போல்ட்டையும் மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி (மடிக்கம்பி) சரியாகப் பூட்டாததையும் அல்ல.

உண்மையில் நல்ல கோஸ்டர் மிகவும் பயந்த சுபாவமுள்ள இயந்திரம். மேட்டில் ஏறும்போது ‘டக்... டக்’ என்று கேட்பது, சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னோக்கி உருளாமல் பிடித்துக்கொள்ளும் பற்களின் சத்தம். சக்கரங்கள் தண்டவாளத்தை மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று புறமும் கவ்வியிருக்கும். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ரயில் இருக்கும்வரை அடுத்த ரயிலை அதற்குள் விடாமல் கணினி தடுத்துவிடும். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் ‘ஸ்மைலர்’ கோஸ்டரின் கணினி அப்படித்தான் தடுத்தது. பாதையில் காலி ரயில் ஒன்று நின்றிருப்பதை அறியாத ஊழியர்கள், அந்தத் தடையை மீறி 16 பேர் இருந்த ரயிலை அனுப்பிவிட்டார்கள். மோதலில் இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம்.

நம் நாட்டில் சவாரிகளுக்கென்று தனி மத்தியச் சட்டமே இல்லை. 2019-இல் அகமதாபாத் காங்கரியாவில் ஊசல் சவாரி முறிந்து இருவர் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் டெல்லி கபஷேராவில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். அடுத்த மாதமே சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் 36 பேர் சவாரி உச்சியில் மணிக்கணக்கில் தவித்து, தீயணைப்புத் துறையினரால் இறக்கப்பட்டார்கள்.

ஆகவே உட்கார்ந்ததும் மடிக்கம்பியை நீங்களே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஊழியர் ஒவ்வொரு இருக்கையாகக் கையால் இழுத்துப் பார்க்காமல், தூரத்திலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினால் இறங்கிவிடுங்கள். மானம் ஒன்றும் போகாது. உயரக் கோட்டைப் பிள்ளை எட்டவில்லை என்றால் ஊழியரிடம் மல்லுக்கு நிற்கும் அப்பாக்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அந்தக் கோடு, கம்பி உடம்பைப் பிடித்துக்கொள்ளுமா என்பதற்கான அளவு.

அடிபட்டால் முதலில் சிகிச்சை. அரசு மருத்துவமனையில் சவாரியின் பெயரைச் சொல்லியே பதியச் செய்து, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். ‘வழுக்கி விழுந்தார்’ என்று எழுத விடாதீர்கள். டிக்கெட், கைப்பட்டை, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், பக்கத்து இருக்கைக்காரரின் எண் எல்லாம் ஆதாரம். போலீசில் எழுத்துப் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகல் அல்லது குறைந்தபட்சம் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறுங்கள். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

போலீஸ் வழக்கு முடியட்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். காத்திருக்கத் தேவையில்லை, நுகர்வோர் வழக்குக்கு இரண்டாண்டுதான் கெடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வக்கீல் இல்லாமலும் தாக்கல் செய்யலாம். எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுத்த கட்டணம், கேட்கும் இழப்பீடு அல்ல. கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை. தீம் பார்க் டிக்கெட் எங்கே அவ்வளவு வரப்போகிறது! டிக்கெட்டை வேறொருவர் எடுத்திருந்தாலும் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர்தான். பிள்ளைக்காகப் பெற்றோர் வழக்குப் போடலாம். வழி கேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

பயப்பட வேண்டிய கையெழுத்து டிக்கெட் கவுண்டரில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒரு தொகையும், ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதமும் சேர்ந்தே வரும். வற்புறுத்தி வாங்கியது என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. கையெழுத்திடும் முன் சட்ட உதவி எண் 15100-ஐ அழைத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவானாலும், அங்கே வக்கீல் இலவசம்.