மனை விலங்கும் வன விலங்கும்



காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பாலுசெட்டிச் சத்திரத்தை அடுத்து இருப்பது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. இராவணனோடு பொருது வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இது என்பர். விசயராகவப் பெருமாள் கோயிற் குளத்திற்கும் சடாயு தீர்த்தம் என்றே பெயர்.

அவ்வூரில் ஒரு முற்பகல், நெசவாளர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உள்ளே தறி ஓயாமல் ஒலித்தது. முற்றத்தில் கட்டியிருந்த பசுவின் காலடியில் ஓர் அணில் அச்சமின்றி இரை பொறுக்கிற்று. வீட்டுப் பூனை மதிலோரம் தலைகாட்டியதுதான் தாமதம். அணில் வேம்பில் தாவியேறி, வாலைச் சொடுக்கியபடி இடைவிடாது கத்தத் தொடங்கியது. இரண்டு காகங்களும் வந்து சேர்ந்து கரைந்தன. பூனை திரும்பிப் போய்விட்டது.

ஓடி ஒளிந்த பிராணி ஏன் கத்த வேண்டும்? பூனை பதுங்கிப் பாயும் இனம். "உன்னைக் கண்டுகொண்டேன்" என்று இரை அறிவித்துவிட்டால் பதுங்குவதில் பயனில்லை. அந்தக் கூக்குரல் மற்ற அணில்களுக்கும் எச்சரிக்கையாகிறது. தறியோசையும் பசுவும் தீங்கு செய்வதில்லை என்பதை அணில் பழக்கத்தால் அறிந்துள்ளது. பூனையோ, பால் குடித்து வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டையை விடுவதில்லை; பசி வேறு, வேட்டை உணர்ச்சி வேறு.

கண்முன் நிகழும் உறவு இது. கண்ணுக்குத் தெரியாத உறவும் ஒன்று உண்டு.

சடாயுவின் இனமாகிய பிணந்தின்னிக் கழுகுகள், இறந்த மாடுகளைத் தின்று ஊரைத் தூய்மை செய்துவந்தன. மாட்டின் வலி தீர நாம் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992 முதல் 2007 வரையிலான காலத்தில், இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிற்குக் குறைந்தன. காரணம் இன்னதென்று ஆராய்ச்சி உலகம் 2004இல் வெளியிட்டது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் உண்டு.

கழுகு இல்லாத இடத்தில் எஞ்சிய இறைச்சி தெருநாய்களுக்கு இரையாயிற்று. கழுகின் இரைப்பை அமிலம் பல நோய்க் கிருமிகளை அழிக்க வல்லது. நாய்க்கு அத்தகைய வலிமை இல்லை. நாய்கள் பெருகினால் வெறிநாய்க்கடி அச்சமும் பெருகும். அந்த நாய்களின் நோய் காட்டுக்கும் செல்லும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால் சிங்கங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மடிந்தன.

ஆகவே, நம் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும், மாட்டுக்கு ஏற்ற மருந்தைக் கேட்டு வாங்குவதும் காட்டைக் காக்கும் செயல்களே.

மாலையில் குளக்கரையில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தேன். பருந்து ஒன்று வட்டமிட்டது. கழுகு ஒன்றும் தென்படவில்லை. நீலகிரியின் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் அவ்வினம் இன்னும் வாழ்கிறது என்ற நினைவு ஒன்றே ஆறுதல் தந்தது. இறந்த ஒரு பறவைக்குக் கடன் ஆற்றியதைப் போற்றும் ஊர் இது. உயிரோடிருப்பவற்றுக்கு ஆற்ற வேண்டிய கடன் நம்முடையது.