இதற்கு என்ன பெயர் வைப்பது?



ஆண்டு மலருக்கு இளையராஜாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்தான். "அவரைப் பத்தி யாருக்குடா தெரியாது?" என்றான். "ஹவ் டு நேம் இட் கேட்டிருக்கியா?" என்றேன். "அது எந்தப் படம்?" என்றான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அது எந்தப் படமும் இல்லை. 1986-ல் இளையராஜா படத்துக்காக அல்லாமல் தனியாக வெளியிட்ட இசைத் தொகுப்பு. மொத்தம் பத்துப் பகுதிகள். பாடகர் கிடையாது, பாட்டு வரியும் கிடையாது. முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன்.

எங்கள் அயனம்பாக்கம் வீட்டுக்கு இது வந்த கதையே தனி. அம்பத்தூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது வேண்டாம் என்று ஒதுக்கிய கேசட்டுகளில், ராஜா பெயரைப் பார்த்து அப்பா ஒன்றை எடுத்து வந்தார். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை. அட்டையில் இருந்த பெயரை செல்போனில் தேடிப் போட்டேன். ஐந்து நிமிடம் பொறுமையாக இருந்த அப்பா, "இன்னாடா இது, பாட்டு எப்போ வரும்?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்!

பல அறை, ஒரே வீடு

நாம் பழகியது ஐந்து நிமிடப் பாட்டு. பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. ஆனால் உலகத்தில் வேறு ஒரு வழியும் உண்டு. பல பகுதிகளை வரிசையாகக் கோத்து ஒரே ஆக்கமாகச் செய்வது. இதை மேற்கத்திய இசையில் 'ஸ்வீட்' என்பார்கள். (தின்கிற ஸ்வீட் அல்ல!) ஜெர்மனியின் பாக் 300 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி எழுதினார். 1970-களில் இங்கிலாந்தின் ராக் குழுக்களும் அந்த வழிக்கு வந்தன. 'யெஸ்' குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) நான்கு பகுதிகள் கொண்டது, 18 நிமிடத்துக்கு மேல். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒரே பாட்டுதான். 'பிங்க் ஃப்ளாய்ட்' 1975-ல் ஒன்பது பகுதிகள் கொண்ட ஒரு பாட்டைச் செய்து, பாதியைத் தட்டின் தொடக்கத்திலும் மீதியை முடிவிலும் வைத்தார்கள்.

'ஹவ் டு நேம் இட்' ராக் அல்ல. ஆனால் நம் ஊரில் அந்த வகைக்குப் பக்கத்தில் வருவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பகுதிகளைத் தனித்தனியாகவும் கேட்கலாம். வரிசையாகக் கேட்டால் ஒரு வீட்டுக்குள் அறை அறையாக நடப்பது போல இருக்கும்.

சந்திக்காத இருவர்

இந்தத் தொகுப்பை ராஜா இரண்டு பேருக்குக் காணிக்கை ஆக்கினார். ஒருவர் பாக் (1685–1750). மற்றவர் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847). பாக் இறந்து 17 ஆண்டுகள் கழித்துத்தான் தியாகராஜர் பிறந்தார். நிஜத்தில் சந்திக்க முடியாதவர்களை ராஜா ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்.

இதில் என்ன கஷ்டம்? மேற்கத்திய இசையில் ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்க வேண்டும் என்றால் சுரம் அசையாமல் நிற்க வேண்டும். ஆடுகிற செங்கல் மேல் அடுத்த செங்கலை வைக்க முடியுமா? ஆனால் கர்நாடக சங்கீதத்தில் சுரம் அசைவதுதான் அழகு. அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். ஒன்று நிற்கச் சொல்கிறது, ஒன்று அசையச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுவர் எழுப்புவதுதான் இந்தத் தொகுப்பின் வேலை.

ஏழாவது பகுதியின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அதாவது, என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னுரைப் பகுதி இதில் ஓடி வரும், ராஜாவின் இசை அதோடு சேர்ந்துகொள்ளும். எட்டாவது பகுதி 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பிறகு பேசிக்கொண்டிருந்தோம்! இரண்டு தலைப்பும் சேர்ந்தால்தான் வாக்கியம் முடிகிறது. பகுதிகளை முன்பின் மாற்றிக் கேட்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அப்பா சொன்ன விளக்கம்

இரண்டாவது பகுதியின் தலைப்பில் 'ஃப்யூக்' என்ற சொல் வருகிறது. அகராதியைப் பார்த்தேன், புரியவில்லை. மறுபடி மறுபடி அதையே போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று சொன்னார்: "ஒருத்தன் ஒண்ணு சொல்றான். அவன் முடிக்கங்காட்டியும் அடுத்தவன் அதையே புடிச்சிக்கினு கெளம்புறான். மாடிக்குச் செங்கல் கைமாத்துற மாதிரி இருக்குடா."

நண்பர்களே, ஃப்யூக் என்றால் அதுதான்! முதல் குரல் ஒரு மெட்டைச் சொல்லும். இரண்டாவது குரல் அதே மெட்டை வேறு உயரத்தில் வாங்கிக்கொள்ளும். அப்போது முதல் குரல் சும்மா நிற்காமல் வேறு வேலை பார்க்கும். பிறகு மூன்றாவது குரல் வரும். வரிசையில் நிற்கும் எல்லார் கையிலும் ஒரே செங்கல், ஆனால் வேறு வேறு நேரத்தில். அகராதியில் கிடைக்காதது அப்பாவிடம் கிடைத்தது.

'வீடு' படம்

சிவில் மாணவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் பாட்டே கிடையாது. பின்னணி இசையாக இந்தத் தொகுப்பிலிருந்துதான் எடுத்துப் பயன்படுத்தினார். சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வீடு கட்டப் படும் பாடுதான் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. நடித்த அர்ச்சனாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. பாதி கட்டிய வீட்டைத் தாத்தா (சொக்கலிங்க பாகவதர்) தனியாக வந்து பார்க்கும் காட்சியில் இந்த இசையைக் கேளுங்கள். எஸ்டிமேட்டில் நாம் சுவரைக் கன மீட்டரில் கணக்குப் போடுகிறோம். அந்தத் தாத்தாவுக்கு அது வேறு கணக்கு. படத்தில் சிமெண்டுத் திருட்டைக் காட்டிக் கொடுப்பவர் இன்ஜினியர் அல்ல, மங்கம்மா என்ற சித்தாள். அந்தக் காட்சியில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெயர் பிறகு வரும்

பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் ராஜா. அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், நான்கு பகுதிகள் கொண்ட தன் 'வேலியன்ட்' சிம்பொனியை லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து அரங்கேற்றினார். "இதெல்லாம் நமக்கு இல்லை" என்று அவர் ஒதுங்கியிருந்தால்?

ஒதுங்கியவன் நான்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டு முதல் நாள் எல்லாரும் எழுந்து தகப்பனார் தொழிலைச் சொன்னோம். நான் "பில்டிங் கான்ட்ராக்ட்" என்றேன். பொய். வகுப்பில் 'இங்கிலீஷ் பாண்ட்', 'ஃப்ளெமிஷ் பாண்ட்' என்று வரைந்தபோதுதான் தெரிந்தது, பெயர் தெரியாமலே அப்பா முப்பது வருஷமாக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று. எனக்குப் பெயர் மட்டும் தெரியும், கரண்டி பிடிக்கத் தெரியாது.

ஆகவே நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பகுதிகளையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். முதல் தடவை புரியாது, பரவாயில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முதல் நாள் சொன்னதை இங்கே திருத்திக்கொள்கிறேன். என் அப்பா கொத்தனார்.



— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு
அயனம்பாக்கம்