கப்பலில் விடுமுறை: நம் குடும்பங்களுக்கு ஏற்றதா?

கப்பல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களிலுள்ள முதியோர்க்கு உல்லாசம் நினைவுக்கு வருவதில்லை. பிழைப்பே நினைவுக்கு வருகிறது. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்று, 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கும் இடையே ஓடிய ‘ரஜூலா’ கப்பலில், தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமாக மேல்தளத்தில் படுத்துச் சென்றவர்களின் உறவினர் நம் சங்கத்திலும் இருக்கக்கூடும். பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பற்றியதோடு அந்த நெடும் பிரயாணத்தின் காலமும் முடிவுற்றது. அத்தகையோர் வழிவந்த நாம், சென்று சேரவேண்டிய ஊர் ஒன்றும் இல்லாமல், கப்பலில் இருப்பதற்காகவே பணம் கட்டிக் கப்பலேறுவது சற்று விநோதமாகத்தான் தோன்றும்.

ஆயினும் கேள்வி எழுந்துவிட்டது. சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வரவு செலவு படித்து முடிந்ததும், “கப்பலில் போய் வந்தீர்களாமே, எவ்வளவு ஆயிற்று? எங்களைப் போன்றவர்கள் போகலாமா?” என்று அன்பர்கள் எம்மைச் சூழ்ந்துகொள்கின்றனர். இல்லாள், எட்டு வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த தாயார் ஆகியோருடன் நாம் மும்பையிலிருந்து கோவா சென்று திரும்பும் கப்பலில் மூன்று இரவுகள் தங்கி வந்தது உண்மையே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதினும் இங்கே எழுதிவிடுவது நலமெனத் தோன்றியது.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். மூன்று நான்கு நாட்களுக்குக் கப்பல் மிக நல்ல ஓய்வைத் தருகிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குச் செல்வதற்கென்று வைத்திருக்கும் பணத்தையும் விடுப்பையும் எடுத்து அதில் போடலாகாது. மாதச் சம்பளக்காரர்களான நம்மிற் பலருக்கு இவ்விரண்டும் ஒரே பையிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது. ஆதலால் யோசித்தே இறங்கவேண்டும்.

மும்பையிலிருந்து இத்தகைய கப்பல்கள் புறப்படுமிடம் கோட்டைப் பகுதியை அடுத்த பல்லார்ட் பியர். ரயில்வேக்காரர்களுக்கு அது அந்நியமான இடமன்று. முற்காலத்தில் அங்கே ஒரு ரயில் நிலையமே இருந்தது. 1928-ல் தொடங்கிய பிரான்டியர் மெயில், சீமைக் கப்பலில் வந்திறங்குவோரின் வசதிக்காக ஆண்டின் சில மாதங்களில் அங்கிருந்தே பெஷாவருக்குப் புறப்பட்டது. இன்று அங்கு ரயில் இல்லை, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி டாக்சி பிடித்தால் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். பயணிகளுக்கென்று எழுப்பிய புதிய முனையம் 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 2021 செப்டம்பர் முதல் இங்கிருந்து கார்டீலியா நிறுவனம் ஓட்டத் தொடங்கிய ‘எம்ப்ரஸ்’ கப்பல் 1990-ல் அமெரிக்கப் பிரயாணிகளுக்காகக் கட்டப்பெற்று, ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ஓடிய பழைய கப்பல். பழையது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே நுழைந்தால் பதினோரு மாடி ஹோட்டல் ஒன்று மிதக்கிறது என்றே தோன்றும்.

இனிப் பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை முழுத் தொகையன்று. அது இருவர் ஓர் அறையில் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், ஊழியர்க்கென்று ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் சேவைத் தொகை, வரி ஆகிய மூன்றும் ஏறும். ஒருவருக்கு 20,000 ரூபாய் என்று விளம்பரம் வந்தால், கணவனும் மனைவியும் 40,000 ரூபாயில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஒரு முகவர் எம்மிடம் தொலைபேசியில் சொன்ன தொகைக்கும், பணம் கட்டும் நாளில் தாளில் காட்டிய தொகைக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தது. கேட்டதற்கு, “அதெல்லாம் வழக்கம்தானே” என்றார். ஆகவே, எல்லாம் சேர்த்து எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. நம் ரயில்வேயைச் சேர்ந்த ஐ.ஆர்.சி.டி.சி.யும் 2021-ல் இக்கப்பலுக்குச் சீட்டு விற்க முன்வந்தது. நேரே கப்பல் நிறுவனத்திடம் கேட்கும் விலையோடு அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரயில்வே பாஸ் கப்பலில் செல்லாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எம் காரியாலயத்தில் இருவர் கேட்டே விட்டனர்.

பொதுச் சாப்பாட்டுக்கூடத்து உணவு, நீச்சல் குளம், மாலை நேரத்துச் சில கேளிக்கைகள் ஆகியவை கட்டணத்துள் அடங்கும். மது, தனி உணவகங்கள், இணையத் தொடர்பு, கரையில் அழைத்துச் செல்லும் பஸ் முதலியவை பெரும்பாலும் அடங்கா. கப்பலுள் ரொக்கம் புழங்குவதில்லை. கையில் ஓர் அட்டை தருவார்கள். நீட்டுமிடமெல்லாம் கணக்கு ஏறும். சிறுவர் கையில் அதைக் கொடுத்தனுப்பலாகாது. சூதாட்டக்கூடம் ஒன்றும் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

அறைகளில் சன்னல் இல்லாத உள்ளறை, கடல் தெரியும் அறை, பால்கனி உள்ள அறை என்று படிகள் உள்ளன. உள்ளறையே போதும் என்பது எமது துணிபு. உறங்கும் நேரம் தவிர அறையில் யார் இருக்கப் போகிறார்கள்? கடல் பார்க்க மேல்தளம் முழுவதும் இருக்கிறது. எமது அறையில் கீழே இரு கட்டில்களும், சுவரிலிருந்து இறக்கும் மேற்கட்டில்கள் இரண்டும் இருந்தன. தாயாருக்குக் கீழ்க்கட்டில், மகனுக்கு மேற்கட்டில், ரயிலில் போலவே. மூன்றாமவர்க்கும் நான்காமவர்க்கும் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கமாதலால், நால்வர் உள்ள குடும்பம் ஓரறையில் அடங்குவதே சிக்கனம்.

அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ளதைக் கேட்டுப் பெறுக. ஆட்டம் அங்கேதான் குறைவு. ஒவ்வாமைக்கு மாத்திரை எடுப்போர் டாக்டரைக் கேட்டு, தலை சுற்றத் தொடங்குவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். வந்தபின் விழுங்கினால் பயன் குறைவு. அறையில் முடங்காமல் மேல்தளம் சென்று தொடுவானத்தை நோக்கி நிற்பது கைகண்ட மருந்து. எம் மகன் முதல் இரவு ஒருமுறை வாந்தி எடுத்தான். எழுபதைத் தாண்டிய தாயாரோ சுருக்குப்பையிலிருந்து ஒரு துண்டு சுக்கை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, “தாமிரபரணிப் பரிசலை விட இது ஆடவில்லையே” என்றார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேலைக்கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் இக்கப்பலே சென்னைப் பக்கம் சென்று ஓடியதுண்டு. நமக்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை.

ரயிலைப் போல் கடைசி மணி அடித்தபின் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் வேலை இங்கே நடவாது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே ஏறும் வாயில் மூடிவிடும். உள்நாட்டுப் பயணமாயினும் அடையாள அட்டையின் மூலப்பிரதி வேண்டும், குழந்தைகளுக்கும் வேண்டும். இலங்கை போன்ற அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்று இருந்தால் பாஸ்போர்ட் இன்றியமையாதது. மின்சார இஸ்திரிப் பெட்டி, கெட்டில் முதலியவற்றைச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் கட்டிய புளியோதரைப் பொட்டலத்துக்கும் பெரும்பாலும் அதே கதிதான். கர்ப்பிணிகளை 24 வாரத்திற்கு மேல் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கைக்குழந்தைகளுக்கும் வயது வரம்பு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

ஏறியவுடன் உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். பலர் முகம் சுளித்துக்கொண்டு நழுவப் பார்க்கின்றனர். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் ‘கோஸ்டா கொன்கோர்டியா’ கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறியவர்களிற் பலருக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடத்தியாக வேண்டுமென்று சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 முதல் அமலுக்கு வந்தது. ஏழு குறுஞ்சங்கொலியும் ஒரு நெடுஞ்சங்கொலியும் கேட்டால் எங்கே கூடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கரை மறைந்ததும் கைபேசியைப் பிரயாண நிலையில் வைத்துவிடுக. கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பில் அது தானாகச் சேர்ந்துகொண்டால் ரோமிங் கட்டணம் தலையில் விழும். கப்பலில் டாக்டர் உண்டு, இலவசமன்று. நம் மருத்துவக் காப்பீடு கடலிலும் செல்லுமா என்பதை முன்னரே எழுதிக் கேட்டுவைப்பது நல்லது. பெருங்கூட்டம் ஒரே கரண்டியைத் தொட்டு உணவெடுக்கும் இடமாதலால், வயிற்றுப்போக்குக் கிருமி பரவினால் வேகமாகப் பரவும். கைத்திரவம் பூசுவது மட்டும் போதாது; சோப்பிட்டுக் கழுவவேண்டும்.

குறைகளையே அடுக்குகிறோம் என்று எண்ணவேண்டாம். நாம் கண்ட பெரிய நன்மையை இனிச் சொல்கிறோம். இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எம் இல்லாள் வழக்கம்போல் எழுந்து உட்கார்ந்தார். பால் வாங்க வேண்டியதில்லை, டப்பா கட்ட வேண்டியதில்லை, 7.42 லோக்கலுக்கு ஆளை அனுப்ப வேண்டியதில்லை. சற்று நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர், தாயாரைக் கைபிடித்து மேல்தளம் அழைத்துச் சென்றார். நாம் எட்டு மணிக்குத் தேடிச் சென்றபோது இருவரும் நாற்காலியில் சாய்ந்து, காபிக் கோப்பையுடன், பத்தாண்டுகளில் பேசாத பேச்செல்லாம் பேசிக்கொண்டிருந்தனர். மாமியாரும் மருமகளும் ஓர் அடுக்களைக்கு வெளியே இவ்வளவு நேரம் சேர்ந்திருந்ததை நாம் முன்பு கண்டதில்லை. ஊருக்குச் சென்றாலும் நம் பெண்களுக்கு அடுப்பு மாறுகிறதே ஒழிய வேலை மாறுவதில்லை. கட்டிய பணத்தில் பெரும்பகுதி அந்தக் காலைப் பொழுதிலேயே எமக்குத் திரும்பிவிட்டது.

அத்தனை பணம் இயலாதவர்க்கு அரசாங்கக் கப்பல்கள் உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகம் நடத்தும் ‘சமுத்திரம்’ என்ற சுற்றுலாவில், இரவில் ‘கவரத்தி’ கப்பலில் உறங்கி, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளைக் காணலாம். கப்பல் எட்டத்தில் நிற்க, படகில் இறங்கிச் செல்ல வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ள முதியோர்க்கு அது கடினம். சென்னையிலிருந்து அந்தமானுக்கு மூன்று நாளளவு ஓடும் கப்பல்களிலோ, ரயிலின் படுக்கை வகுப்பைப் போன்ற பங்க் வகுப்பு முதல் டீலக்ஸ் அறை வரை உண்டு. ஆடம்பரம் ஒன்றுமில்லை, கடல் மட்டும் அதே கடல்.

ஊர்ப் பயணத்தை விடாமல் கப்பலையும் அனுபவிக்க ஒரு வழி உண்டு. மும்பையிலிருந்து கொச்சி வரை ஒருவழிப் பயணமாகவும் கப்பல் சீட்டுகள் விற்கப்பட்டுள்ளன. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறுமாதலால் விசாரித்து, அத்தகைய பயணம் இருந்தால் அதையே எடுக்கலாம். ஊருக்குப் போகும் வழியே விடுமுறையாகிவிடும். ஒரு பக்கத்து ரயில் செலவும் குறையும். நெல்லைப் பக்கத்தார்க்கு எர்ணாகுளத்திலிருந்து கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாகப் பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கப்பல் வந்துசேரும் அதே நாளுக்கு ரயில் சீட்டு எடுக்கலாகாது. கடலும் துறைமுகமும் தாமதப்படுத்தினால் ரயில் காத்திராது. மறுநாளுக்கே எடுக்கவேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கப்பல் அறைகளோ அதற்குப் பல மாதம் முன்னரே விற்பனைக்கு வந்துவிடும். ஆகையால் கப்பல் சீட்டு கைக்கு வந்ததும் காலண்டரில் அந்த அறுபதாம் நாளைக் குறித்துவைத்து, அன்று காலை எட்டு மணிக்கே முன்பதிவுக்கு உட்கார்ந்துவிடவேண்டும்.