நீதியின் சாவி யார் கையில்?

பசுவின் கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும், தான் அளித்த தீர்ப்பு பிழையென்று அறிந்த மாத்திரத்தில் அரியணையிலேயே உயிர் நீத்த பாண்டியனையும் நாம் இன்றளவும் போற்றி வருகிறோம். அதிகாரம் தவறினால் அதற்கும் தண்டனை உண்டு என்ற தருமத்தை அவர்கள் தம்மீதே செலுத்திக்கொண்டார்கள் என்பதற்காகவன்றோ? சுதந்திர இந்தியாவின் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்பதை ஜனங்கள் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் ஜனாதிபதியையும் கவர்னர்களையும் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 361-வது ஷரத்துப்படி, அவர்கள் பதவி வகிக்கும் காலத்தில் அவர்கள்மீது கிரிமினல் வழக்குத் தொடரலாகாது. கைது செய்யவும் ஆகாது. ஆனால் இத்தடை பதவிக் காலத்தோடு முடிந்துவிடுகிறது. ஜனாதிபதி அரசியல் சட்டத்தை மீறினால் பார்லிமெண்டு அவர்மீது குற்றஞ்சாட்டி நீக்குவதற்கு 61-வது ஷரத்து வழி வகுத்திருக்கிறது. கவர்னரை நேரில் விசாரிக்க முடியாவிடினும், அவருடைய செயல் செல்லுமா என்று ஆராயக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டென்று 2006-ல் பீகார் சட்டசபைக் கலைப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இக்கவசம் பதவிக்கு உரியது என்பதால் இதை நாம் பெரிதாக ஆட்சேபிக்கவில்லை.

நாம் ஆட்சேபிப்பது இரண்டாவது கவசத்தை. உயர்தர உத்தியோகஸ்தர் ஒருவர் தம் கடமையைச் செய்கையில், அல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டு, புரிந்த குற்றத்தைச் சர்க்காரின் முன் அனுமதியின்றிக் கோர்ட்டு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது 1898-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவு. அதை இயற்றியது அந்நிய ஆட்சி. அவ்வாட்சியின் மனப்போக்கை அறிய ஓர் உதாரணம் போதும். 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில், சர்க்கார் கணக்கின்படியே 379 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹண்டர் கமிட்டி விசாரணையைத் தொடங்குமுன்னரே, அவ்வருஷம் செப்டம்பரில், பஞ்சாப் உத்தியோகஸ்தர்களை வழக்குகளினின்று காக்கும் மசோதா வைஸ்ராயின் சட்டசபையில் நிறைவேறியது. பண்டித மதன் மோகன் மாளவியா நெடுநேரம் எதிர்த்து வாதாடியும் பயனில்லை. விசாரணைக்கு முன்னே பாதுகாப்பு! இதுவே அதிகாரவர்க்கத்தின் நியாயம்.

அந்நியன் போனான், அவன் பிரிவு போகவில்லை. வளரவே செய்தது. 1898 சட்டம் பதவியில் இருந்தவருக்கே காவலாய் நின்றது. நம் பார்லிமெண்டு 1973-ல் இயற்றிய சட்டமோ, ஓய்வு பெற்றவருக்கும் அக்காவலை நீட்டியது. ஜனாதிபதியின் கவசம் பதவியோடு கழல, அவருக்குக் கீழுள்ள உத்தியோகஸ்தரின் கவசம் பென்ஷன் காலத்திலும் தொடர்கிறது! இதைவிட விபரீதம் வேறுண்டோ?

சில திருத்தங்கள் வந்துள்ளன என்பதை மறைக்க மாட்டோம். பெண்களுக்கு எதிரான பலாத்காரம் முதலிய குற்றங்களுக்கு அனுமதி தேவையில்லை என்று 2013-ல் விதிக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 218-வது பிரிவு, 120 நாட்களுக்குள் சர்க்கார் முடிவு செய்யாவிடில் அனுமதி அளிக்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்கிறது. இது நல்லதே. ஆனால் 119-வது நாளில் 'மறுக்கிறோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், பாதிக்கப்பட்டவன் மறுபடியும் கோர்ட்டுப் படியேறி அம்மறுப்போடு போராட வேண்டியதுதானே?

நேர்மையான உத்தியோகஸ்தரைப் பொய் வழக்குகள் அலைக்கழிக்கும் என்பார்கள். உண்மைதான், அவருக்குக் காவல் வேண்டும். ஆனால் அக்காவலைத் தரவேண்டியது யார்? உத்தரவிட்ட எஜமானனே, அதை நிறைவேற்றிய ஊழியனை விசாரிக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பது எந்த நியாயம்? வழக்கு பொய்யா மெய்யா என்பதை ஆரம்பத்திலேயே ஆராய்ந்து, பொய்யானதைத் தள்ளும் பொறுப்பு ஹைகோர்ட்டு நீதிபதியிடம் இருக்கட்டும். நேர்மையாளருக்கு அதனால் நஷ்டமில்லை, குற்றவாளிக்குத்தான் நஷ்டம்.

நீதியின் சாவி நீதிபதியின் கையில் இருக்கவேண்டும். பார்லிமெண்டுக்கு வோட்டுக் கேட்டு வருவோரிடம் இந்தச் சாவியைப் பற்றிக் கேட்பது ஒவ்வொரு பிரஜையின் கடமையுமாகும்.